அரைத்தானியங்கி ரைஃபிள் சிதறிச் சுடுகிறதா? அறிகுறியைப் பார்த்துத் தோட்டாவைச் சரிசெய்யும் வழி

சுடும் களத்தில், குழல் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்கும்போது, இதைச் செய்து பாருங்கள். ஒரு தோட்டாவின் முழு நீளத்தை காலிப்பர் என்ற அளவுக்கருவியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதை மேகசினில் போட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் உலோகப் பகுதி) பின்னால் இழுத்துக் கையால் தாங்காமல் விட்டுவிடுங்கள். சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நான் முதன்முதலில் அளந்தபோது, 2.255 அங்குலத்தில் நான் பார்த்துப் பார்த்து அமைத்த தோட்டா 2.247 என்று காட்டியது. காலிப்பரைத்தான் சந்தேகப்பட்டேன். அடுத்த தோட்டாவும் குறைந்தது, ஆனால் வேறு அளவில். மேசையில் உட்கார்ந்து நான் செய்த தோட்டா ஒன்று, குழலின் பின்முனை அறைக்குள் வெடிக்கப் போகும் தோட்டா வேறொன்று என்பது அன்றுதான் புரிந்தது.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் தோட்டாவைக் கையால் மெதுவாகத் தள்ளி உள்ளே வைக்கிறோம். அரைத்தானியங்கியில் சுருள்வில் போல்ட்டை முன்னால் அடிக்கிறது, குண்டின் மூக்கு சரிவில் மோதுகிறது, பிறகு ஓடி வந்த வேகத்தில் தோட்டா அறைக்குள் சட்டென்று நிற்கிறது. அந்த மோதலில் குண்டு உள்ளே போகலாம், அந்த நிறுத்தத்தில் கொஞ்சம் வெளியே நழுவவும் செய்யலாம். கூடு (பவுடரையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறை) வெளியே வரும்போதும் நிதானமில்லை, அழுத்தம் முழுதாக அடங்குவதற்குள் பிடுங்கப்பட்டுத் தூக்கி எறியப்படுகிறது. இந்த ரைஃபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பதும் கையால் நிரப்புவதும் (கூட்டில் பவுடரும் குண்டும் வைத்து நாமே தோட்டா செய்வது) முழுக்க இந்த முரட்டு நடைமுறையைத் தாங்கும்படி இருக்க வேண்டும், போல்ட் ஆக்‌ஷன்காரர்களின் வழியை அப்படியே எடுத்து வைத்தால் நேரமும் பவுடரும்தான் வீண்.

தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன்

ஸ்கோப் மவுண்ட் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, குழல் வாயின் விளிம்பில் நசுங்கலோ கீறலோ இருக்கிறதா, குழலுக்குள் தாமிரப் படிவு சேர்ந்திருக்கிறதா, முன்கைப்பிடி குழலில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். அரை மணி நேர வேலை. இதைத் தாண்டிவிட்டு மூன்று மாதம் பவுடர் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு தளர்ந்த திருகுதான் காரணம் என்று கண்டவர்கள் நிறைய.

அடுத்தது, அளவுகோல். தொழிற்சாலையில் செய்த நல்ல போட்டித் தோட்டா ஒரு பெட்டி வாங்கி, முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, பத்துப் பத்தாக இரண்டு குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்) சுடுங்கள். அதுதான் உங்கள் ரைஃபிளும் நீங்களும் சேர்ந்து செய்யக்கூடியது. சிதறலை அளக்கும் கோண அலகு எம்.ஓ.ஏ.; 1 எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். போட்டித் தோட்டாவிலேயே 3 எம்.ஓ.ஏ. வருகிறதென்றால் கையால் நிரப்பி அதை ஒன்றாக்க முடியாது, பழுது வேறெங்கோ இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பவுடர் அளவு எதையும் நான் இதில் எழுதப்போவதில்லை. பவுடர் அல்லது குண்டு தயாரிப்பவர் வெளியிட்ட கையேட்டிலிருந்து, நீங்கள் வைத்திருக்கும் அதே குண்டுக்கு, அதே பவுடருக்கு உள்ள அளவை எடுத்து, தொடக்க அளவிலிருந்து மேலே ஏறுங்கள். யாரோ சொன்ன அளவை வைத்துத் தொடங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

அறிகுறி: துளைகள் எங்கும் சிதறுகின்றன, எந்த ஒழுங்கும் இல்லை

மலிவான மொத்தத் தோட்டாவில் இதுதான் வழக்கம். பெரும்பாலும் காரணம் குண்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ராணுவ வகை முழு உறைக் குண்டில் தாமிர உறை மூக்கிலிருந்து பின்னோக்கி இழுக்கப்பட்டிருக்கும், அடிப்பாகம் திறந்திருக்கும், அங்கே ஈயம் தெரியும். அந்த அடி விளிம்பு ஒவ்வொரு குண்டிலும் ஒரே மாதிரி மடிந்திருக்காது. போட்டிக் குண்டில் இது தலைகீழ்: அடிப்பாகம் மூடியிருக்கும், நுனியில் மட்டும் சிறு துளை. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது குண்டின் அடிப்பாகம்தான். அந்த நொடியில் பின்னாலிருந்து பீறிடும் வாயு ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் குண்டு சாய்ந்து கிளம்பும், அதனால் அடி சமச்சீராக இருப்பது நுனி அழகாக இருப்பதைவிட முக்கியம். நுனி கொஞ்சம் ஒழுங்கற்று இருக்கும் போட்டிக் குண்டுகள் ஒரே துளையில் போவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன், அடியில் கீறல் விழுந்த குண்டு அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

ஆகவே முதல் மருத்துவம், குண்டு வகையை மாற்றுவது. தோட்டா .223 வகை என்றால் 69 க்ரெயின், 77 க்ரெயின் (க்ரெயின் என்பது எடை அலகு) போட்டிக் குண்டுகள், .308 என்றால் 168, 175 க்ரெயின். இந்த எடைகள் ஏதோ பழக்கத்தில் வந்தவை அல்ல. அமெரிக்க ராணுவத்தின் எம்கே 262 தோட்டா 77 க்ரெயின் குண்டையும், எம்118எல்ஆர் 175 க்ரெயின் குண்டையும் கொண்டவை, இரண்டும் அரைத்தானியங்கி ரைஃபிள்களில் ஓடி நிரூபணமானவை. நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒரே நாளில், ஒரே இடத்தில் சுட்டுப் பாருங்கள். ரைஃபிள் தனக்குப் பிடித்ததைத் தானே காட்டிவிடும். கையால் நிரப்பும் வேலையை அந்தக் குண்டில் தொடங்கினால் பாதித் தூரம் கடந்தாயிற்று.

7.62×39 தோட்டா சுடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் துப்பாக்கிகளின் குழல் பெரும்பாலும் .310 அல்லது .311 அங்குலக் குண்டுக்கானது. .308 குண்டு எளிதில் கிடைக்கிறதே என்று அதை நிரப்பினால், குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல் வரிகளை அது சரியாகப் பிடிக்காமல் போகும், சிதறல் நிச்சயம். குழலை அளந்துவிட்டுக் குண்டு வாங்குங்கள்.

அறிகுறி: துளை வட்டமாக இல்லை, நீள்வட்டமாக அல்லது பக்கவாட்டில் கிழிந்திருக்கிறது

குண்டு பம்பரம்போல் நிலையாகச் சுழலவில்லை, தள்ளாடுகிறது. குண்டு நீளமாக நீளமாக அதை நிலைநிறுத்த அதிக சுழற்சி வேண்டும். முதலில் வந்த எம்16 ரைஃபிள்களில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது 55 க்ரெயின் குண்டுக்குப் போதும். பின்னால் வந்த எம்16ஏ2வில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்றியதற்குக் காரணம் 62 க்ரெயின் குண்டும், அதைவிட நீளமான ஒளிக்கோட்டுக் குண்டும் (ட்ரேசர்). உங்கள் குழலில் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 69 க்ரெயின் பொதுவாக நன்றாகப் போகும், 77 க்ரெயின் சந்தேகம்தான், அதற்கு 8 அல்லது 7 வேண்டும்.

குழலில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம் என்றால் நீங்களே அளக்கலாம். ரைஃபிளை முழுதாகக் காலி செய்து, சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமான துணித்துண்டைச் சுற்றி உள்ளே விடுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் கம்பியாக இருக்க வேண்டும். கம்பியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வரும் வரை எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று பாருங்கள், அவ்வளவுதான். எடையைவிட நீளமே இங்கே கணக்கு. ஈயம் இல்லாத முழுத் தாமிரக் குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும், அது தள்ளாடினால் திகைக்க வேண்டாம்.

அறிகுறி: முதல் குண்டு மட்டும் தனியே விழுகிறது, மற்றவை ஒன்றாக

அரைத்தானியங்கிக்கே உரிய நோய் இது. முதல் தோட்டாவைக் கையால் ஏற்றுகிறீர்கள், மீதி ஒன்பதை ரைஃபிள் தானே ஏற்றுகிறது. போல்ட் போய் உட்காரும் விதமும் குண்டு வாங்கும் அடியும் இரண்டிலும் ஒன்றல்ல. அதிலும் பலர் சத்தம் வரக்கூடாதென்று போல்ட்டைக் கையால் தாங்கி மெதுவாக விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முழுதாகப் பின்னால் இழுத்து, முழு வேகத்தில் விடுங்கள், எப்போதும் மேகசினிலிருந்தே. அறைக்குள் தோட்டாவைக் கையால் போட்டுவிட்டு போல்ட்டை மேலே அடிக்க விடக்கூடாது, ஏன் என்று பின்னால் ப்ரைமரைப் (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அப்படியும் முதல் குண்டு தனியே போனால், குழலில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்த குழல் சில குண்டுகள் போன பிறகே நிலைக்கு வரும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, குரூப் எண்ணுவதற்கு முன் மூன்று நான்கு குண்டுகளை மண்மேட்டில் போடுங்கள்.

இரண்டும் உதவவில்லை என்றால் கழுத்துப் பிடி, அதாவது கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம். மேலே சொன்ன காலிப்பர் சோதனையை ஐந்து தோட்டாவில் செய்யுங்கள். நுனியில் அளப்பதைவிட, குண்டின் வளைவில் அமரும் அளவுக்கருவியை காலிப்பரில் பொருத்தி அளந்தால் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் போட்டிக் குண்டின் நுனிகளே ஒன்றுக்கொன்று சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் மாறும். ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் குண்டு நகர்கிறது என்றால் கழுத்து அதைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. கழுத்தின் உள்விட்டம் குண்டைவிட 0.002 முதல் 0.003 அங்குலம் சிறிதாக இருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் அளவு. சைஸ் செய்யும் (சுட்டு விரிந்த கூட்டை மறுபடி அளவுக்குச் சுருக்கும்) டை என்ற அச்சின் உள்ளே இருக்கும் விரிக்கும் குமிழ் பெரிதாக இருந்தால் இந்தப் பிடி போய்விடும். குமிழைக் கழற்றி, மின் துளைக்கருவியில் பொருத்தி, நைஸான உப்புத்தாளால் ஒரு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. குண்டில் பள்ள வளையம் இருந்தால் அதில் லேசாக நெரித்து மடக்கலாம். வளையம் இல்லாத போட்டிக் குண்டை நெரிப்பதை நான் விரும்புவதில்லை, நெரிப்பு ஒவ்வொரு கூட்டின் நீளத்துக்கும் ஏற்ப மாறும், குண்டையும் நசுக்கும்.

குண்டு உள்ளே நழுவுவது துல்லியப் பிரச்சினை மட்டுமல்ல. கூட்டின் உள் இடம் குறைந்து அழுத்தம் ஏறும். காலிப்பரில் பெரிய வித்தியாசம் கண்டால் அந்தத் தொகுதியைச் சுடாமல் பிரித்துவிடுங்கள். ஒருமுறை அறைக்குள் ஏறி வெளியே வந்த தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றவும் வேண்டாம்.

அறிகுறி: குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது

எல்லோரும் உடனே பவுடரைத்தான் சந்தேகப்படுவார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் போகும் குண்டு 100 கஜத்தில் விழும் தூரம் மூன்று அங்குலத்துக்கும் குறைவு. வேகம் 50 அடி மாறினால் அந்த விழுதல் சுமார் நான்கு சதவீதம் மாறும், அதாவது பத்தில் ஒரு அங்குலம். ஆக, 100 கஜத்தில் இரண்டு அங்குல உயரக் குரூப்புக்கு வேக மாறுபாடு முழுக் காரணமாக இருக்கவே முடியாது. முன் முட்டு, பின் மூட்டை, மூச்சு, ஒவ்வொரு முறையும் தோளில் அழுத்தும் விதம் இவற்றைப் பாருங்கள். ஆனால் 600 கஜத்துக்குப் போனால் அதே 50 அடி வித்தியாசம் பல அங்குலமாக வந்து நிற்கும், அங்கே குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் பேசுவதைக் கேட்டே ஆக வேண்டும்.

வேகம் ஏறி இறங்கினால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் கூடுகள் கலந்திருக்கின்றனவா? தரையில் பொறுக்கிய கூடுகளில் ஐந்தாறு தயாரிப்பு கலந்திருக்கும், ஒவ்வொன்றின் சுவர்த் தடிமனும் வேறு, உள் இடமும் வேறு. அடிப்பாக முத்திரையைப் பார்த்துப் பிரியுங்கள். இதற்குக் காசு செலவில்லை, பலன் பெரிது. 7.62 ராணுவக் கூடுகள் பொதுவாகத் தடிமனானவை, வணிகக் கூட்டில் சரியாக இருந்த பவுடர் அளவை அதில் போட்டால் அழுத்தம் ஏறும், அளவைக் குறைத்து மறுபடி மேலே வர வேண்டும்.

அப்புறம் பவுடர் அளக்கும் விதம். உருண்டைப் பவுடர் அளக்கும் குடுவையில் தண்ணீர்போல் இறங்கும், ஒவ்வொரு வீச்சும் கிட்டத்தட்ட ஒன்றே. குச்சி வடிவப் பவுடர் சில சமயம் துளையில் குறுக்கே நின்று, குடுவை நெம்பும்போது நறுக் நறுக் என்று வெட்டுப்படும், அந்த வீச்சு அரை க்ரெயின் வரை தவறலாம். ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாத பவுடர்கள் பல இந்தக் குச்சி வகையிலேயே இருக்கின்றன. என் வழி, குறைவான தூரத்துக்கு உருண்டைப் பவுடரைக் குடுவையில் வீசுவது, தூரத்துக்குக் குச்சிப் பவுடரைக் கொஞ்சம் குறைவாக வீசி, தராசில் சொட்டுச் சொட்டாக நிரப்புவது. தராசு பத்தில் ஒரு க்ரெயின், அதாவது ஆறரை மில்லிகிராம் வரை காட்டினால் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு அளங்கள், காற்றுக்கு அந்தத் தட்டு ஆடும்.

கடைசியாகக் கழுத்துக் கடினம். நாலைந்து முறை சுட்ட பித்தளை கடினமாகி, ஒவ்வொரு கழுத்தும் குண்டை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். குண்டை அழுத்தும்போது பிரஸ் நெம்புகோலில் கையே அதை உணரும், ஒன்று வெண்ணெய்போல் இறங்கும், அடுத்தது முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு பிடித்தவற்றைத் தனியே வைத்துச் சுட்டுப் பாருங்கள், குரூப்பில் எங்கே விழுகின்றன என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: குரூப் இடம் வலமாக விரிகிறது

காற்று, ட்ரிகர் விரல், கன்னம் வைக்கும் இடம். தோட்டாவை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: முதல் ஐந்து அருமை, பிறகு போகப் போக ஒரு பக்கம் நகர்கிறது

குழல் சூடு. மெல்லிய குழலும், அதில் அழுத்தும் முன்கைப்பிடியும், இழுத்துக் கட்டிய வாரும் சேர்ந்தால் சூடு ஏற ஏற குழல் ஒரு பக்கம் தள்ளப்படும். தோட்டாவிலும் ஒரு பங்கு இருக்கிறது: சுட்டெரியும் அறைக்குள் அடுத்த தோட்டா காத்திருந்தால் அதன் பவுடர் சூடாகி வேகம் ஏறும். ட்ரிகரை இழுக்கத் தயாரான பிறகு ஏற்றுங்கள் என்று இந்த ரைஃபிளில் சொல்ல முடியாது, அதனால் இரண்டு குண்டுக்கு இடையில் ஒரே இடைவெளி வையுங்கள், முப்பது விநாடி என்றால் எப்போதும் முப்பது விநாடி. பெட்டியை வெயிலில் வைக்காமல் நிழலில் வையுங்கள்.

அறிகுறி: குரூப் நன்றாக வருகிறது, ஆனால் ரைஃபிள் ஒழுங்காக இயங்கவில்லை

போல்ட் ஆக்‌ஷன்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. குழலில் ஒரு சிறு துளை, அதன் வழியே வரும் வாயுதான் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. குண்டு அந்தத் துளையைக் கடக்கும் நேரத்தில் அங்கே எவ்வளவு அழுத்தம் என்பதே எல்லாம், அறையின் உச்ச அழுத்தம் மட்டும் போதாது. மிதமான அளவு துல்லியமாக இருக்கிறதே என்று மிகவும் குறைத்துவிட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது, கூடு பாதியில் சிக்கும். மாறாக, மெதுவாக எரியும் பவுடரைப் போட்டால் உச்ச அழுத்தம் வரம்புக்குள் இருந்தும் துளையருகே அழுத்தம் அதிகமாக இருக்கும்.

இதில் பாடம் படிக்க எம்1 கேரண்டைவிட நல்ல உதாரணம் இல்லை. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிள் அது, குழலின் நுனியருகே வாயுவை எடுத்து, நீளமான ஒரு கம்பியைப் பின்னால் தள்ளும். 150 க்ரெயின் குண்டோடு நடுத்தர வேகத்தில் எரியும் பவுடரை வைத்து அது சுட்டது. மெதுவான பவுடரோடு கனமான வேட்டைக் குண்டை அதில் போட்டால் அந்தக் கம்பி வளைந்துபோகும். அதனால்தான் கேரண்டுக்கென்றே கையேடுகளில் தனிப் பக்கம் இருக்கிறது, வாயு அளவைத் திருத்தும் மாற்று மூடியும் விற்கிறார்கள். உங்கள் ரைஃபிள் எதுவானாலும், கையேட்டில் அரைத்தானியங்கிக்கென்று தனிப் பகுதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கூடு எங்கே விழுகிறது, அடி விளிம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். விளிம்பைப் பிடுங்கும் கொக்கி வளைத்திருந்தால், கூடுகள் வழக்கத்தைவிட வெகுதூரம் பறந்தால், வாயு அதிகம். கழுத்து நசுங்கி விழுந்தால் அந்தக் கூட்டை அடுத்த முறை வட்டமாக்கிய பிறகே நிரப்ப வேண்டும், இல்லையென்றால் குண்டு கோணலாக அமரும்.

அறிகுறி: போல்ட் முழுதாக மூடவில்லை, அல்லது கூட்டின் அடியில் பளபளக்கும் வளையம்

இந்த இரண்டில் எது வந்தாலும் சுடுவதை நிறுத்திவிடுங்கள்.

போல்ட் மூடவில்லை என்றால் கூடு போதுமான அளவு சுருக்கப்படவில்லை. கழுத்தை மட்டும் சைஸ் செய்வது போல்ட் ஆக்‌ஷன் வழக்கம், இங்கே ஒவ்வொரு முறையும் முழு நீளமும் சைஸ் செய்தாக வேண்டும். சுட்ட கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) 0.003 முதல் 0.005 அங்குலம் பின்னால் தள்ளுங்கள், இதற்கென்று காலிப்பரில் பொருத்தும் அளவுக்கருவி இருக்கிறது, கண்ணளவில் செய்ய வேண்டாம். அடிப்பாகம் இன்னும் உரசினால், தோட்டா முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, களத்தில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கறுப்பு எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. அடிப்பாகம் என்றால் அதை இன்னும் கொஞ்சம் சுருக்கும் ‘சிறிய அடி’ டை வாங்க வேண்டியிருக்கும். கூட்டின் நீளத்தையும் பாருங்கள், .223க்கு 1.760 அங்குலம் உச்ச வரம்பு, 1.750க்கு வெட்டுவார்கள்.

பளபளக்கும் வளையம் இதற்கு நேர் எதிர். தோளை அளவுக்கு மீறித் தள்ளியதால் ஒவ்வொரு சுடுதலிலும் பித்தளை நீண்டு, அடியிலிருந்து சற்று மேலே சுவர் மெலிந்துபோகிறது. இன்னும் ஒருமுறை சுட்டால் கூடு இரண்டாகப் பிளந்து, முன்பாதி அறைக்குள்ளேயே நின்றுவிடலாம். காகிதக் கிளிப்பின் நுனியை கொக்கிபோல் வளைத்து, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுங்கள். பள்ளம் இருந்தால் நுனி அங்கே ‘டக்’ என்று தட்டும். தட்டினால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கு. நான் அப்படித் தூக்கிப் போட்ட முதல் தொகுதியில் கூடுகள் வெளியே பார்க்கப் புதுசாகவே இருந்தன.

சரி, ப்ரைமர். ஏஆர்-15 (எம்16 குடும்பத்து அரைத்தானியங்கி), கேரண்ட் போன்ற ரைஃபிள்களில் அடிக்கும் ஊசி வில்லால் பின்னால் பிடிக்கப்படுவதில்லை, மிதந்துகொண்டிருக்கும். போல்ட் மூடும் வேகத்தில் ஊசி தானே முன்னால் ஓடி ப்ரைமரைத் தொடும். நம்பிக்கை இல்லையென்றால் ஏற்றி இறக்கிய ஒரு தோட்டாவின் ப்ரைமரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நடுவில் மிளகு முனையளவு ஒரு பள்ளம் தெரியும். ப்ரைமர் மென்மையானதாகவோ குழியில் முழுதாக அமராமல் துருத்திக்கொண்டோ இருந்தால், ட்ரிகரைத் தொடாமலேயே, போல்ட் பூட்டப்படும் முன்பே அது வெடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு ப்ரைமரும் அடிமட்டத்துக்குக் கீழே, சுமார் 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும், தடவாமல் ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகக்கூடாது. ராணுவக் கூடுகளில் ப்ரைமரைச் சுற்றி நெரித்த வளையம் இருக்கும், அதை நீக்காமல் புதிய ப்ரைமரை அழுத்தவே கூடாது. இதற்கென்று கடினமான ப்ரைமர்கள் உண்டு, சிசிஐ 41 சிறியது, 34 பெரியது. துல்லியத்தில் ஒரு சில்லறை அளவு இழப்பு வந்தாலும் நான் இவற்றையே வைத்திருக்கிறேன். கையால் அறைக்குள் தோட்டாவைப் போட்டு போல்ட்டை விடக்கூடாது என்றதும் இதனால்தான்: மேகசினிலிருந்து தோட்டாவை உரித்துக்கொண்டு வரும்போது போல்ட்டின் வேகம் கொஞ்சம் குறையும், வெறுமனே விட்டால் குறையாது.

அறிகுறி: மேகசினில் நுழையவில்லை, நுழைந்தால் குரூப் விரிகிறது

குண்டு குழல் வரிகளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று கேட்டிருப்பீர்கள். ஏஆர்-15 மேகசின் 2.260 அங்குலத்தோடு கதவை மூடிவிடும். 80 க்ரெயின் குண்டு அதற்குள் அடங்காது, போட்டிகளில் அதை ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடுவதும் அதனால்தான். மேகசினிலிருந்து சுடுபவர்களுக்கு, வரிகளைத் தொடும் முன் குண்டு தாவும் தூரத்தைப் பற்றி அலட்டிக்கொள்ளாத வளைவு கொண்ட குண்டுகள் வேண்டும். 77 க்ரெயின் போட்டிக் குண்டு இவ்வளவு பிரபலமானதற்குப் பாதிக் காரணம், மேகசின் நீளத்திலேயே அது நன்றாகச் சுடுவதுதான். நீளமான, ஊசிபோன்ற குண்டுகளின் காற்றுத்தடைக் கணக்கைப் பார்த்து மயங்கி, அவற்றை மேகசின் நீளத்துக்கு உள்ளே அழுத்தினால் பவுடருக்கு இடமும் போகும், துல்லியமும் போகும்.

அறையின் பெயரையும் பாருங்கள். 5.56 அறையில் வரிகள் தொடங்கும் முன் உள்ள வெற்று இடம் .223 அறையைவிட நீளம். .223 தோட்டாவை 5.56 அறையில் சுடலாம், குரூப் கொஞ்சம் விரியக்கூடும். 5.56 தோட்டாவை .223 அறையில் சுடக்கூடாது, அழுத்தம் வரம்பு மீறலாம்.

அறிகுறி: ஒரு நாள் அற்புதமாகச் சுட்ட அளவு, அடுத்த வாரம் காணாமல் போகிறது

பெரும்பாலும் அந்த அற்புதம் மூன்று குண்டுக் குரூப்பாக இருக்கும். மூன்று குண்டு தற்செயலாகவும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காகிதத்தை நண்பர்களுக்குக் காட்டலாம், அதை வைத்து ஐந்நூறு தோட்டா நிரப்பக்கூடாது. அரைத்தானியங்கியில் ஒரு அளவை நான் நம்புவதற்குப் பத்துக் குண்டு, இரண்டு வேறு நாட்களில், ஒரு குண்டையும் ‘அது என் தவறு’ என்று கழிக்காமல். அப்படிச் சுட்டால் எண்கள் பெரிதாகத் தெரியும், முக்கால் அங்குலம் என்று நினைத்தது ஒன்றரையாக நிற்கும். அந்த ஒன்றரைதான் நிஜம். அதை ஒன்றேகாலாக்கினால் அது உண்மையான முன்னேற்றம்.

பவுடரோ ப்ரைமரோ புதுத் தொகுதி எண்ணில் வந்திருந்தால், உச்ச அளவுக்கு அருகில் இருப்பவர்கள் கொஞ்சம் இறங்கி மறுபடி மேலே வர வேண்டும். தட்டையாகும் ப்ரைமர், அடியில் தேய்ந்த பளபளப்புத் தடம், பெரிதாகித் தளர்ந்த ப்ரைமர் குழி இவை அழுத்தத்தின் அடையாளம், அரைத்தானியங்கியின் முரட்டுப் பிடுங்கலும் சில தடங்களை உண்டாக்குவதால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, சந்தேகம் வந்தால் அளவைக் குறைப்பது ஒன்றே வழி. வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். குளிர்காலத்தில் உச்சத்தைத் தொட்ட அளவு கோடையில் அதைத் தாண்டியிருக்கும்.

நோட்டில் ஒவ்வொரு வரியிலும் கூட்டின் முத்திரை, எத்தனையாவது முறை, ப்ரைமர், பவுடரும் தொகுதி எண்ணும், குண்டு, வளைவு வரை நீளம், வெப்பநிலை, பத்துக் குண்டுக் குரூப். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குண்டையும் பவுடரையும் சேர்த்து மாற்றிய பக்கங்கள் என் நோட்டில் பன்னிரண்டு இருக்கின்றன, அவற்றிலிருந்து இன்றுவரை என்னால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.